பெட்டி கசியவில்லை

உங்கள் அறை பிரிண்டரில் காகிதக் கட்டைப் பிரித்ததும் உதறாமல் அப்படியே வைத்திருக்கிறீர்கள், மேடம். அதனால்தான் இரண்டு மூன்று தாள்கள் ஒட்டிக்கொண்டு உள்ளே போய் மாட்டிக்கொள்கின்றன. கட்டின் ஓரத்தைப் பிடித்துச் சீட்டுக்கட்டு மாதிரி ஒரு தடவை விசிறிவிட்டு வைத்தால் போதும். நேற்று நீங்கள் மூன்று முறை எழுந்து போய் அதன் தலையில் தட்டியதை உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்லியிருக்கலாம். நீங்கள் கேட்கவில்லை.

இந்த வாக்குமூலத்தை நானே டைப் செய்து தருகிறேன் என்று அடம்பிடித்ததற்குக் காரணம் உண்டு. நான் பேசி, உங்கள் உதவியாளர் எழுதினால், அது உங்கள் வசதிக்கு ஏற்ற கதையாகிவிடும். உங்கள் விசாரணை அறிக்கை அப்படித்தான் ஆனது. அதன் பதினோராம் பக்கத்தைப் பற்றிப் பேசத்தான் வந்திருக்கிறேன். யாரும் என்னைப் பிடித்துக்கொண்டு வரவில்லை, நானாக வந்தேன். அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

முதலில் பெட்டி என்றால் என்ன என்று சொல்கிறேன். உங்கள் அறிக்கையைப் படித்தால் உங்களுக்கே அது சரியாகப் புரியவில்லை என்று தெரிகிறது.

அந்த ஆஸ்பத்திரியின் கணினி அறையில் பதினெட்டு வருடம் வேலை பார்த்தேன். நோயாளிகளின் அட்டைகள் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. யார், என்ன வயது, என்ன நோய், எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, எல்லாம். அந்த அட்டைகளை ஒவ்வொன்றாகக் கையால் திருத்த முடியாது. ஸ்கிரிப்ட் எழுதித்தான் திருத்துவோம். ஸ்கிரிப்ட் என்பது கணினிக்கு எழுதிக் கொடுக்கும் வேலைக் குறிப்பு. சரியாக எழுதினால் ஒரு லட்சம் அட்டையை ஒரு நிமிடத்தில் சரியாக மாற்றும். தப்பாக எழுதினால் அதே ஒரு லட்சத்தை அதே ஒரு நிமிடத்தில் நாசமாக்கும். நடுவில் நின்று ஒரு தடவை யோசிக்கும் பழக்கம் அதற்குக் கிடையாது.

நான் சேர்ந்த இரண்டாம் வருடம் என் பக்கத்து மேசைக்காரர் ஒரு ஸ்கிரிப்டில் ஒரு வரியை மாற்றிப் போட்டுவிட்டு, நான்கு மாத ஆபரேஷன் அட்டவணையைத் துடைத்துப் போட்டார். ஐம்பது வயது மனிதர் மேசைக்கு அடியில் உட்கார்ந்து அழுதார். அதைப் பார்த்துவிட்டுத்தான் பெட்டியைக் கட்டினேன். புத்தகங்களில் சேண்ட்பாக்ஸ், அதாவது பிள்ளைகள் விளையாடும் மணல்பெட்டி, என்று போட்டிருப்பார்கள். எங்கள் அறையில் பெட்டி.

கணினிக்குள்ளேயே ஒரு பகுதியை நான்கு பக்கமும் அடைத்து, அதற்குள் ஆஸ்பத்திரியின் எல்லாக் கோப்புகளுக்கும் ஒரு நகல் போட்டு வைத்தேன். புது ஸ்கிரிப்ட் எதுவானாலும் முதலில் அதற்குள்தான் ஓடும். அதற்கு அது நகல் என்று தெரியாது. அங்கே அது எதை அழித்தாலும், எதைக் கலைத்தாலும், வெளியே ஒரு எழுத்துகூட நகராது. ஓடி முடித்ததும் முன்பு இருந்ததையும் இப்போது இருப்பதையும் ஒப்பிட்டு, மாறியவற்றுக்கு ஒரு வித்தியாசப் பட்டியல் எடுப்பேன். எழுதியவர் அதைப் பார்த்துத் திருத்துவார். பிறகு பெட்டியைக் கழுவித் துடைத்துப் புது நகல் போடுவேன். பத்து நிமிட வேலை.

பெட்டிக்குள் இருந்தால் திரை பச்சை. வெளியே இருந்தால் கறுப்பு. இதையும் நான்தான் வைத்தேன். திரையின் நிறத்தை மட்டும் நம்பக் கூடாது என்று இன்னொரு பழக்கமும் கொண்டுவந்தேன். ஸ்கிரிப்டை ஓட்டுகிறவர் பொத்தானை அழுத்துவதற்கு முன்னால் வாய்விட்டு "உள்ளயா?" என்று கேட்க வேண்டும். நான் என் திரையில் பார்த்துவிட்டு "உள்ளதான்" என்று சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் அழுத்த வேண்டும். புதிதாக வருகிறவர்கள் முதல் வாரம் சிரிப்பார்கள், சின்னப் பிள்ளைகள் கண்ணாமூச்சி விளையாடுகிற மாதிரி இருக்கிறது என்பார்கள். இரண்டாம் வாரம் அவர்களே கேட்பார்கள். பதினாறு வருடம் அந்த அறையில் அந்த இரண்டு வார்த்தைகள்தான் சட்டம். எல்லோரும் என்னைப் பெட்டிக்காரர் என்றார்கள். எனக்கு அது பிடித்திருந்தது.

இனி என் தம்பி.

அவனுக்கு ஒன்பது வயது இருக்கும்போது அப்பா போய்விட்டார். எனக்குப் பதினாறு. அவனுக்கு ஷூ லேஸ் கட்டக் கற்றுக்கொடுத்ததிலிருந்து வேலைக்கு மனு எழுதிக் கொடுத்தது வரை நான்தான். அந்தக் கணினி அறைக்குள் அவனைக் கொண்டுவந்ததும் நான்தான். "என் தம்பி, நம்பிச் சேர்த்துக்கலாம் சார்" என்று பெரிய டாக்டரின் முன்னால் நின்றேன். ஏழு வருடத்தில் அவன் அந்த அறைக்கே தலைவன் ஆனான். வாய் இருந்தது, சிரிப்பு இருந்தது, டாக்டர்களோடு தோளில் கை போட்டுப் பேசத் தெரிந்தது. எனக்கு ஒப்பிடத்தான் தெரியும்.

போன வருடக் கடைசியில் டாக்டர்கள் எல்லோரும் கூடியிருந்த கூட்டத்தில் அவன் எழுந்து பேசினான். பழைய பெட்டியை எடுத்துவிட்டு, வெளியே விற்கிற புதுப் பெட்டி ஒன்றை வாங்கப்போகிறோம் என்றான். அதோடு நிறுத்தியிருக்கலாம். "எங்க அண்ணன் பதினாறு வருஷமா ஒரு பெட்டிக்குள்ள மண்ணு வச்சு வீடு கட்டி விளையாடிட்டிருக்கார், பாவம், இனிமே அவருக்கு விளையாட்டுக்கு லீவு" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அண்ணன் சிரிக்கத்தானே வேண்டும்.

மறுநாள் அவன் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, அன்பாகவே சொன்னான்.

"அண்ணா, உங்களுக்கும் வயசாகுது. இனிமே ரொம்பக் கண்ணை வருத்திக்க வேணாம். எல்லா வார்டுலயும் பிரிண்டர் பிரச்சினை பெரிய தலைவலியா இருக்கு. அதை நீங்க பாத்துக்கிட்டா எனக்கு நிம்மதி."

எனக்கு ஐம்பத்திரண்டு வயது. கண்ணில் எந்தக் கோளாறும் இல்லை. ஒரே வாரத்தில் பெட்டிக்காரர் போய் பிரிண்டர் சார் ஆனேன். புதுப் பெட்டி வரும்வரை பழைய பெட்டியையும் ஒரு கண் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தான்.

பொறாமை என்று நீங்கள் எழுதுவீர்கள். எழுதுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. எனக்கு வயிறு எரிந்தது. ராத்திரி சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன். என் மனைவி, "உங்க தம்பிதானே, விடுங்க. வேற யாராவது சொன்னாத்தானே அவமானம்" என்றாள். வேறு யாராவது சொல்லியிருந்தால் எனக்கு ஒன்றுமே இருந்திருக்காது. முப்பது வருடம் என்னோடு குடும்பம் நடத்தியவளுக்கு அது தெரியவில்லை.

பழைய பெட்டிக்குள் கடைசியாக ஓட வேண்டிய ஸ்கிரிப்ட் என் தம்பி எழுதியது. ஒரே ஆளுக்கு இரண்டு அட்டைகள் இருக்கும் தொல்லையைத் தீர்ப்பதற்காக எழுதினான். அவசரமாக வருகிறவர்களுக்குப் பழைய அட்டையைத் தேட நேரமிருக்காது. புது அட்டை போட்டுவிடுவார்கள். பழையதும் கிடக்கும், புதியதும் கிடக்கும். அவனுடைய ஸ்கிரிப்ட் இரண்டையும் சேர்த்து ஒன்றாக்க வேண்டும்.

முந்தைய நாளே எனக்கு அனுப்பியிருந்தான். படித்தேன். நாற்பத்தொன்றாவது வரியில் தப்பு. ஸ்கிரிப்ட் இரண்டு அட்டைகளையும் சேர்க்கவில்லை. புதியதை வைத்துக்கொண்டு பழையதைத் தூக்கிப் போட்டது. மருந்து ஒவ்வாமைக் குறிப்புகள் முக்கால்வாசி பழைய அட்டைகளில்தான் இருக்கும். சாவகாசமாக உட்கார வைத்துக் கேட்டு எழுதிய அட்டைகள் அவை. அது போனால் திரையில் "ஒவ்வாமை: பதிவு இல்லை" என்று வரும். அப்படி வந்தால் டாக்டர் தைரியமாக ஊசி போடுவார். இது எனக்குத் தெரியாது என்று நான் ஒருபோதும் சொல்லவில்லை. நீங்கள் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

வழக்கப்படி நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பாருங்கள். அது பெட்டிக்குள் ஓடும். நான் வித்தியாசப் பட்டியலை எடுத்து நீட்டுவேன். அவன் "அட, ஆமா" என்று தலையைச் சொறிவான், ஐந்து நிமிடத்தில் திருத்துவான். வெள்ளிக்கிழமை கூட்டத்தில் "எவ்வளவு கவனமா சோதிச்சுப் பாத்தோம் தெரியுமா" என்று மார்தட்டுவான். பதினாறு வருடமாக அந்த அறையில் ஒவ்வொருவருடைய தப்பையும் என் பெட்டி வாங்கி விழுங்கியது. அவன் எதை மண் விளையாட்டு என்று சொன்னானோ அதுவே அவனையும் காப்பாற்ற வேண்டும். அது எனக்கு நியாயமாகப் படவில்லை.

ஆகவே பெட்டிக்குள் ஒரு மாற்றம் செய்தேன். சுவரில் ஜன்னல் மாதிரி ஒரு படம் வரைந்திருக்கிறது என்று வையுங்கள். அந்தப் படத்தை எடுத்துவிட்டு அதே இடத்தில் நிஜ ஜன்னலை வைத்தேன். அதாவது, நோயாளி அட்டைகளின் நகல் இருந்த இடத்தில் நிஜ அட்டைகளையே இணைத்துவிட்டேன். ஒரே வரி. மற்றதெல்லாம் நகல்தான். திரையும் பச்சைதான். செவ்வாய்க்கிழமை காலை பத்தே முக்காலுக்கு அதைச் செய்துவிட்டு ஒரு டீ குடித்தேன்.

பதினோரு மணிக்கு அவன் வந்து உட்கார்ந்தான். பொத்தான் மேல் விரலை வைத்துக்கொண்டு, என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கேட்டான்.

"உள்ளயா?"

"உள்ளதான்."

அழுத்தினான். நாற்பது வினாடியில் முடிந்தது. அவன் எண்ணிக்கையை மட்டும் பார்த்தான். இரட்டை அட்டை ஒன்றுகூட மிச்சமில்லை என்று வந்ததும் நாற்காலியில் சாய்ந்துகொண்டான்.

"வித்தியாசம் ஏதாவது இருக்கா அண்ணா?"

பட்டியல் என் கையில் இருந்தது. முந்நூற்றுப் பன்னிரண்டு பேர். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, தொலைந்துபோன குறிப்பு. அதை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன்.

"எல்லாம் சரியா இருக்குடா."

"சூப்பர். அப்ப வெள்ளிக்கிழமை கூட்டத்துல காட்டிட்டு, அடுத்த வாரம் வெளியில ஓட்டிடலாம்."

ஏற்கெனவே வெளியில் ஓட்டிவிட்டான் என்று அவனுக்குத் தெரியாது.

என் திட்டம் வெள்ளிக்கிழமைக்கானது. எல்லா டாக்டர்களும் உட்கார்ந்திருப்பார்கள். அவன் எழுந்து நின்று பெருமை அடித்துக்கொள்வான். நான் பையிலிருந்து பட்டியலை எடுத்து மேசையில் விரித்து, "தம்பி, இவங்க எல்லாருடைய ஒவ்வாமைக் குறிப்பும் செவ்வாய்க்கிழமையே போயிடுச்சு, நீ தப்பான திரையில ஓட்டிட்டே" என்று சொல்வேன். அவன் முகத்தில் ஈயாடாது. ஒவ்வொரு ராத்திரியும் காப்புப் பிரதி எடுக்கிறோம், திங்கள்கிழமை ராத்திரி எடுத்தது அப்படியே இருக்கிறது. அதிலிருந்து எல்லாவற்றையும் இருபது நிமிடத்தில் மீட்டுவிடுவேன். மண்ணில் வீடு கட்டுகிறவன்தான் காப்பாற்றினான் என்று பேசிக்கொள்வார்கள். நடுவில் மூன்றே மூன்று நாள். முந்நூற்றுப் பன்னிரண்டு பேரில் மூன்று நாளில் எத்தனை பேர் வந்துவிடப் போகிறார்கள்?

வியாழக்கிழமை சாயங்காலம் பெரிய டாக்டர் வெளியூர் போய்விட்டார். கூட்டம் அடுத்த வெள்ளிக்குத் தள்ளிப்போனது. அதற்கு நான் பொறுப்பில்லை.

வியாழக்கிழமையே மீட்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். மீட்டிருந்தால் யாருக்கும் தெரியாமலே எல்லாம் சரியாகப் போயிருக்கும். என் தம்பிக்கும் தெரிந்திருக்காது. பிறகு எதற்காக இவ்வளவும்?

நான் அலட்சியமாக இருக்கவில்லை. தினமும் காலையில் வருகை, சேர்க்கை விவரங்களை என் பட்டியலோடு ஒப்பிட்டேன். முதல் வாரத்தில் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் கண்ணாடிக்கு, ஒருவர் கால் ஆணிக்கு. இரண்டு பேரும் நன்றாக வீடு போய்ச் சேர்ந்தார்கள். இதை நீங்கள் என் தரப்பில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

அடுத்த செவ்வாய் காலை, பட்டியலில் இருநூற்று நாற்பத்தேழாவது வரி சேர்க்கைக்கு வந்திருந்தது.

அவர் ஒரு தையல்காரம்மா. வயது அறுபத்து மூன்று. ஆறு மாதம் முன்னால் மெஷின் ஊசி விரலில் ஏறி அவசரமாக வந்திருந்தார், அப்போது போட்டதுதான் அந்தப் புது அட்டை. பழைய அட்டை நான்கு வருடம் முந்தியது. ஒரு காய்ச்சலுக்கு ஊசி போட்டு, தொண்டை வீங்கி, மூச்சு நின்று, மூன்று நாள் போராடிப் பிழைத்திருக்கிறார். அந்த ஊசியின் பெயரும் அதைப் போலுள்ள இன்னும் நான்கு ஊசிகளின் பெயரும் சிவப்பில் எழுதி அடிக்கோடிட்டிருந்தது. நான் சொன்னேனே, சாவகாசமாக எழுதிய அட்டைகள். இப்போது பக்கவாதத்தில் வலது பக்கமும் பேச்சும் போன நிலையில் ஆஸ்பத்திரியில் சேர்ந்திருந்தார். பக்கவாதத்துக்கு அந்த ஊசி போட மாட்டார்கள். எனக்கும் அந்த அளவு மருத்துவம் தெரியும். வெள்ளிக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள்தான் இருந்தது.

புதன்கிழமை காலை பத்து மணிக்கு அந்த வார்டிலிருந்து போன் வந்தது. பிரிண்டரில் பேப்பர் மாட்டிக்கொண்டதாம். என்னைப் பிரிண்டர் வேலைக்குப் போட்டது என் தம்பி. நான் அந்த வார்டுக்குப் போக வேண்டும் என்று ஆசைப்பட்டுப் போகவில்லை.

நர்ஸ் மேசை ஓரத்தில் பிரிண்டர். அதற்கு எதிர்க்கட்டிலில் தையல்காரம்மா. பக்கத்தில் ஸ்டூலில் அவர் மகள், மடியில் ஒரு துணிப்பை. அந்த அம்மாவின் நெஞ்சில் சளி கட்டி, ராத்திரியிலிருந்து காய்ச்சல் என்று பேசிக்கொண்டார்கள். நான் பிரிண்டரின் பின்மூடியைக் கழற்றினேன். நர்ஸ் கையில் ஒரு தட்டோடு வந்து நின்றாள்.

"அம்மாவுக்கு ஏதாவது மருந்து ஒத்துக்காம போயிருக்காம்மா?"

"தெரியலையே சிஸ்டர். நாலு வருஷம் முன்னாடி இங்கதான் படுத்திருந்தாங்க. நான் அப்ப வெளியூர்ல இருந்தேன். அதெல்லாம் எழுதி வச்சிருப்பீங்கல்ல? உங்க கம்ப்யூட்டர்ல இருக்கும்ல?"

நர்ஸ் கணினிக்கு வந்து பார்த்தாள். எனக்கும் அந்தத் திரைக்கும் நடுவில் ஒரு முழம் தூரம். ஒவ்வாமை: பதிவு இல்லை. அவள் கெட்டிக்காரி. ஒரு நிமிடம் தயங்கினாள். என்னைப் பார்த்தாள்.

"பிரிண்டர் சார், இதுல நாலு வருஷத்துப் பழசெல்லாம் இருக்குமா? ஒண்ணுமே இல்லைன்னு காட்டுதே."

நான் யோசித்தேன், மேடம். என்ன யோசித்தேன் என்று சரியாகச் சொல்லிவிடுகிறேன். அந்த நிமிடம் நான் வாயைத் திறந்தால், உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். எட்டு நாளாகப் பட்டியல் என் பையில் இருப்பது தெரிந்துவிடும். வெள்ளிக்கிழமை அவன் தலைகுனிய வேண்டிய இடத்தில் நான் நிற்க வேண்டியிருக்கும். ஊசி போட்ட எல்லோரும் சாவதில்லை என்றும் யோசித்தேன்.

"கம்ப்யூட்டர்ல என்ன இருக்கோ அதுதாம்மா" என்றேன்.

அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. நீங்கள் திருப்பித் திருப்பிப் படித்துப் பார்க்கலாம்.

நர்ஸ் மருந்தை ஊசியில் ஏற்றத் தொடங்கினாள். சின்னக் குப்பியைத் தூக்கிப் பிடித்தபோது தையல்காரம்மா அதைப் பார்த்துவிட்டார். அவருக்கு இடது கை மட்டும்தான் வரும். அந்தக் கையைத் தூக்கி இப்படியும் அப்படியும் ஆட்டினார். பிறகு தன் தொண்டையைத் தொட்டுக் காட்டினார். இரண்டு தடவை. மகள், "தண்ணி வேணுமாம்மா? ஊசி போட்டதும் தரேன்" என்று அந்தக் கையைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டாள். நர்ஸ், "பயப்படாதீங்கம்மா, எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்" என்றாள்.

அவர் என்ன சொல்கிறார் என்று அந்த அறையில் எனக்கு ஒருவனுக்குத்தான் புரிந்தது. அவர் என்னையும் பார்த்தார். எல்லோரையும்தான் பார்த்தார்.

மாட்டியிருந்த தாளை உருவி எடுத்தேன். கட்டை விசிறிவிட்டு வைத்தேன். ஒரு சோதனைத் தாள் எடுத்துப் பார்த்தேன். சுத்தமாக வந்தது. லிஃப்டுக்குப் போகும்போது பின்னால் ஓடும் சத்தம் கேட்டது. இந்தத் தடவை மூன்று நாள் எல்லாம் ஆகவில்லை. பதினைந்து நிமிடத்தில் அந்த அம்மாவின் உயிர் போய்விட்டது.

கீழே வந்ததும் காப்புப் பிரதியிலிருந்து முந்நூற்றுப் பன்னிரண்டு பேருடைய குறிப்புகளையும் மீட்டேன். நான் சொன்ன மாதிரியே இருபது நிமிடம்தான் ஆனது. பெட்டியில் போட்ட அந்த ஒரு வரியையும் எடுத்தேன். பிறகு பெரிய டாக்டரின் அறைக்குப் போன் செய்து, அட்டைகளில் ஏதோ கோளாறு தெரிகிறது, தம்பி ஓட்டிய ஸ்கிரிப்டைப் பார்க்க வேண்டும் என்றேன். வெள்ளிக்கிழமை கூட்டம் நடந்தது. நான் கற்பனை செய்த மாதிரியே எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். அவன் முகத்தில் ஈயாடவில்லை.

ஆனால் அவன் சொன்னதைக் கேளுங்கள். "நான்தான் தப்பான திரையில ஓட்டியிருக்கணும். அண்ணா உள்ளதான்னு சொன்னார். அவர் சொன்னா அது சரியாத்தான் இருக்கும். தப்பு என்னோடது" என்றான். சப்பைக்கட்டு கட்டுவான், என்மேல் பழியைத் தள்ளுவான் என்று எதிர்பார்த்து அதற்கெல்லாம் பதில் தயார் செய்து வைத்திருந்தேன். ஒன்றும் தேவைப்படவில்லை. எனக்கு அது பெரிய ஏமாற்றம்.

பிறகு நீங்கள் வந்தீர்கள். ஆறு வாரம் குடைந்தீர்கள். பெட்டிக்குள் நிஜ அட்டைகள் இணைந்திருந்த தடயத்தைக் கணினிப் பதிவில் கண்டுபிடித்தீர்கள். அதற்குப் பாராட்டுகிறேன், லேசில் கிடைக்கிற தடயம் இல்லை. அதை வைத்துக்கொண்டு என்ன முடிவுக்கு வந்தீர்கள் என்பதுதான் கொடுமை. என் தம்பி உங்கள் முன்னால் உட்கார்ந்து, "எங்கண்ணன் அப்படிப்பட்டவர் இல்லை, என்னை வளத்தவர்" என்று அழுதான். நீங்களும் சரி என்று தலையாட்டிவிட்டு எழுதினீர்கள். பதினோராம் பக்கம், மூன்றாம் பத்தி. எனக்கு மனப்பாடம். "பதினாறு ஆண்டுப் பழமையான, ஒரு தனிநபரால் முறையான பயிற்சியின்றி உருவாக்கப்பட்ட தடுப்பமைப்பு, தன் உள்ளார்ந்த பலவீனத்தால் தானாகவே கசிந்துள்ளது. எந்த ஊழியரும் இதற்குப் பொறுப்பாகார்."

தானாகவே கசிந்ததாம்.

அறிக்கை வந்த அன்று என் மனைவி அதை வாங்கிப் படித்துவிட்டு, "நல்லவேளை, யார் மேலயும் தப்பில்லையாம்" என்று பெருமூச்சு விட்டாள். சாயங்காலம் தம்பி வந்தான். ஆறு வாரத்தில் பாதியாக இளைத்திருந்தான், சட்டை தொங்கியது. தினமும் அந்தத் தையல்காரம்மாவின் வீட்டு வாசல் வரை போய்விட்டு, கதவைத் தட்டாமல் திரும்பி வருகிறானாம். என் பக்கத்தில் உட்கார்ந்து தோளில் கை வைத்தான்.

"மனசுல எதுவும் வச்சுக்காதீங்க அண்ணா. உங்க மேல தப்பில்ல. பெட்டி பழசாயிடுச்சு, ஓட்டை விழுந்திடுச்சு, அவ்வளவுதான். நான் சீக்கிரமே மாத்தியிருக்கணும்."

அன்றைக்கு டாக்டர்கள் கூட்டத்தில் சிரித்துக்கொண்டு சொன்னதை இப்போது கண்ணில் நீரோடு சொன்னான். எல்லோரும் அதை நம்பினார்கள். அவன் போகும் வரை பொறுத்திருந்தேன். மறுநாள் காலை முதல் பஸ்ஸில் உங்கள் அலுவலகத்துக்கு வந்துவிட்டேன்.

ஆகையால் தெளிவாக எழுதுகிறேன், இதில் உங்கள் வசதிக்கு எதையும் மாற்ற வேண்டாம். நிஜ அட்டைகளைப் பெட்டிக்குள் இணைத்தது நான். உள்ளே இல்லை என்று தெரிந்தே "உள்ளதான்" என்று சொன்னது நான். பட்டியலை எட்டு நாள் பையில் வைத்திருந்தது நான். அந்த அம்மா தொண்டையைத் தொட்டுக் காட்டியபோது, அவர் எதைச் சொல்கிறார் என்று தெரிந்தே பேப்பரை விசிறிக்கொண்டிருந்ததும் நான். பட்டியலையும் இதோடு இணைத்திருக்கிறேன், மடிப்பு விழுந்த இடத்தில் எழுத்து கொஞ்சம் அழிந்திருக்கிறது. எனக்கு என்ன தண்டனை என்பது உங்கள் வேலை. அதில் நான் தலையிட மாட்டேன்.

நான் கேட்பது ஒன்றுதான். பதினோராம் பக்கம் மூன்றாம் பத்தியை அடித்துவிட்டு எழுதுங்கள். அந்தப் பெட்டி பதினாறு வருடத்தில் ஒரு தடவைகூடக் கசியவில்லை. அதைக் கட்டியவனுக்கு வேலை தெரியும். திருத்திய பக்கத்தை டாக்டர்கள் எல்லோருக்கும் அனுப்புங்கள். தம்பிக்கும் ஒன்று அனுப்புங்கள்.

அந்த அம்மாவின் மகளுக்கும் ஒரு பிரதி கொடுங்கள். பெட்டியில் எந்தக் குறையும் இல்லை என்று தெரிந்தால் அவருக்கும் மனசு ஆறும்.